நேர்முள் ஐந்தும் கலியனின் நூற்று அறுபது கிலோவும்

12-8-2002 — ரூ. 22,000
3-5-2004 — ரூ. 9,750
18-1-2006 — ரூ. 8,500
11-6-2007 — ரூ. 7,900
17-9-2008 — ரூ. 6,999

முதல் நான்கும் சஹாபுதீன் பாய் ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்த தொகைகள். கூட்டினால் 48,150 ரூபாய். ஐந்தாவது அவரிடம் கேட்கப்பட்ட தொகை. அதை அவர் கொடுக்கவில்லை. கையில் பணம் இல்லாததால் அல்ல. என்ன காரணம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் போகும் சாலையில் இடது கைப்பக்கம் பாயின் எடைமேடை இருக்கிறது. உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு ஏற்றி வரும் லாரிகள் மேடையில் ஏறி நின்று, எடைச் சீட்டு வாங்கிக்கொண்டு போகும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஆலை சரக்குக்குக் கணக்குப் பார்க்கும். நான் ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாக இருந்து 31-5-1998 அன்று ஓய்வு பெற்றேன். அடுத்த மாதமே பாய் என்னைக் கூப்பிட்டு ஏடு எழுத உட்காரவைத்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஏட்டை நிறுத்தச் சொல்லவில்லை. "அது பாட்டுக்கு அது இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு எழுதுங்க சார்" என்றார்.

பாய் பழவேற்காட்டுக்காரர். அவருடைய வாப்பா பக்கீர் முகம்மது அங்கே கருவாட்டு மொத்த வியாபாரம் செய்தவர். பாய்க்கு எடையின்மேல் இருந்த மரியாதை அங்கிருந்து வந்தது. தினமும் காலை எட்டேகாலுக்குத் தன் மொபெட்டோடு மேடையில் ஏறி நிற்பார். அவரும் வண்டியும் சேர்ந்து நூற்று முப்பது காட்ட வேண்டும். காட்டினால், "மேடை இன்னிக்குப் பொய் சொல்லல" என்று சொல்லிவிட்டு இறங்குவார். ரம்ஜான் மாதத்தில் மட்டும் சில நாள் நூற்று இருபது காட்டும். அன்றைக்கு அவர் மேடையைச் சந்தேகிப்பதில்லை.

இவ்வளவு கறாரான மனிதர் ஓர் இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வியாபாரத்துக்கு வந்தவர் அந்த வீட்டில் ஒருமுறை சாப்பிட்டுவிட்டால், அதற்குப் பிறகு அவர் கொண்டுவரும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை. எண்ணிக்கை சொன்னால் எண்ணிக்கை, எடை சொன்னால் எடை. "சோறு போட்ட ஆளோட மூட்டைய பிரிக்கிறது, அவன் வாயில கைய வுட்டு துன்னத வெளிய எடுக்கற மாதிரின்னு வாப்பா சொல்லுவாரு" என்று பாய் ஒருமுறை என்னிடம் சொன்னார். கருவாட்டுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். மூட்டையைப் பிரிக்காவிட்டாலும் கருவாட்டின் நாற்றம் வெளியே வந்துவிடும்.

12-8-2002, திங்கட்கிழமை, சென்னையிலிருந்து நேர்முள் என்ற எடைமேடைப் புரோகிராமின் இரண்டாம் பதிப்பைப் பொருத்துவதற்கு ராபின் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், கழுத்தில் டை. வேலை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாய் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனார். பாயின் மனைவி சாலிஹாம்மா சோறும் இறால் தொக்கும் வைத்தார். ராபின் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றோடு நேர்முள் நிறுவனத்தின் மூட்டைகள் பிரிக்கப்படாத மூட்டைகள் ஆயின.

பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. "நேர்முள் குடும்பத்தின் மூத்த உறுப்பினர் திரு. சஹாபுதீன் அவர்களுக்கு" என்று உறையிலேயே அச்சாகியிருக்கும். பெருநாளுக்கு வாழ்த்து, புத்தாண்டுக்கு நாட்காட்டி, ஒரு வருடம் சுவர்க்கடிகாரம். கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய தராசுச் சின்னம் இருந்தது. வாங்கிய பொருளுக்குப் பணம் கொடுத்த பிறகும் ஒரு நிறுவனம் நமக்கு எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தால், அதன் கணக்கில் நம் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வரும். பாயிடம் சொன்னேன்.

"சார், ரயில்ல இருந்து ரிட்டயர் ஆனவருக்கு எதப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாத பாசஞ்சர் மாதிரிதான் தெரியும்" என்று சிரித்தார்.

புதுப் பதிப்புகளைப் பற்றிப் பேச ராபின் வந்த நாள்களை என் ஏட்டில் பார்த்தேன். 23-4-2004, 6-1-2006, 1-6-2007. மூன்றும் வெள்ளிக்கிழமை. மூன்று முறையும் ஜும்ஆ தொழுகை முடிந்து பாய் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் பிரியாணி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தேதிகள் அப்படி இருக்கின்றன.

விலை ஒவ்வொரு தடவையும் குறைந்தது. தன்னுடைய விசுவாசத்துக்குக் கிடைத்த மரியாதை என்று பாய் எடுத்துக்கொண்டார். உள்ளே இருப்பதும் குறைகிறதோ என்று நான் நினைத்தேன். ஆகவே ஒவ்வொரு பதிப்பும் வந்த அன்று என்ன மாறியது என்று எழுதிவைத்தேன்.

மூன்றாம் பதிப்பில் உண்மையாகவே ஒன்று புதிதாக வந்தது. அதை மறைக்கக் கூடாது. அதற்கு முன் ஒவ்வொரு லாரியும் இரண்டு முறை மேடை ஏற வேண்டும். சுமையோடு ஒருமுறை, ஆலையில் இறக்கிவிட்டுக் காலியாக ஒருமுறை. முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் சரக்கின் எடை. மூன்றாம் பதிப்பு, லாரி எண்ணை வைத்துக் காலி எடையை நினைவில் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு சுமையோடு ஒருமுறை ஏறினால் போதும். டிரைவர்களுக்கு அரைமணி நேரம் மிச்சமானது. பாயின் மேடையில் வரிசை நீண்டது. லாரியில் ஏதாவது மாற்றம் செய்தால் மட்டும் காலியாக ஒருமுறை ஏற்றி, நினைவில் இருப்பதைத் திருத்திக்கொள்வோம்.

நான்காம் பதிப்பில் திரை நீலத்திலிருந்து பச்சையானது. ஒரு சின்ன லாரிப் படம் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடியது. சீட்டின் அடியில் 'பயணம் இனிதாகுக' என்று அச்சானது. வேறு மாற்றம் என் கண்ணுக்குப் படவில்லை.

ஐந்தாம் பதிப்புக்கு வந்த கடிதம் என்னிடம் இருக்கிறது. "முற்றிலும் புதியது. உங்களைப் போன்ற மூத்த உறுப்பினர்களுக்கு மட்டும் இந்த விலை. ஜூன் 15 வரை மட்டும். அதன்பின் பழைய பதிப்புகளுக்குச் சேவை வழங்க இயலாது." முதல் வரியில் தடவிக்கொடுத்து, கடைசி வரியில் காதைத் திருகுகிற கடிதம். பாய் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்.

11-6-2007 அன்று ராபின் அதைப் பொருத்தினார். இடத்தை அடைக்கும் என்று சொல்லி நான்காம் பதிப்பை அழித்தார். திரை மஞ்சளானது. கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு பெண் குரல், "வருக, திரு. சஹாபுதீன்" என்றது. பாய் மூன்று முறை நிறுத்திப் போடச் சொல்லிக் கேட்டார்.

கம்ப்யூட்டரில் உட்காருபவர் ரோசம்மாள். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார். அவருடைய அப்பா அந்த ஊர் வயல்களில் கூலி வேலை செய்தவர். ரோசம்மாள் பத்தாவது முடித்து, டைப் அடிக்கக் கற்று, இந்த நாற்காலிக்கு வந்தவர். அவர் என் பக்கம் குனிந்து சொன்னார்: "பேரு சொல்லி கூப்டுது சார். ரேஷன் கடையிலகூடத்தான் பேரு சொல்லி கூப்டறாங்க. சக்கரை மட்டும் இல்லன்றாங்க."

அடுத்த மூன்று வாரத்தில் இருபத்து மூன்று லாரிகளை, நினைவில் இல்லை என்று கம்ப்யூட்டர் காலியாக ஏறி வரச் சொன்னது. எல்லாம் பல மாதங்களாக வந்துகொண்டிருந்த லாரிகள். ராபினுக்குப் போன் செய்தோம். "புதுசு இல்லையா மேடம், பழக கொஞ்ச நாளாகும்" என்றார். அந்த இருபத்து மூன்று எண்களையும் நான் எழுதி வைத்தேன். ஏன் குறிப்பாக அந்த இருபத்து மூன்று என்று கேட்கவில்லை. இது என் தவறு.

9-7-2007, திங்கட்கிழமை காலை, கலியன் எடைமேடை அறைக்குள் வந்து நின்றான். பெரியபாளையத்துக்காரன். சென்னைத் துறைமுகக் கிடங்கிலிருந்து ஆலைக்குப் பழைய இரும்பு ஓட்டுகிறவன். ஆறு வருடமாக எங்கள் மேடைக்கு வருகிறான். அன்று லாரி இல்லாமல் நடந்து வந்திருந்தான்.

"இன்னா பாய், உங்க சீட்டு என்ன திருடன்னு சொல்லுது."

"இன்னாடா சொல்ற?"

"ஹார்பர்ல ஒன்பதாயிரத்து எழுநூறுன்னு ஏத்தறாங்க. இங்க ஒன்பதாயிரத்து ஐந்நூத்தி நாப்பதுன்னு சீட்டு வருது. ஒரு தபா ரெண்டு தபா இல்ல, பதினாலு லோடு. மில்லுல உள்ள வராதன்னுட்டாங்க. வழியில வித்துட்டனாம்." சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மேசைமேல் போட்டான். "நூத்தி அறுபது கிலோ இரும்ப நான் எங்க மடியில கட்டினு போவேன்? இது இன்னா வேர்க்கடலையா?"

பாய் எழுந்து வெளியே போய், மொபெட்டை மேடையில் ஏற்றினார். நூற்று முப்பது.

"மேடை சரியாத்தான் கீது" என்றார், உள்ளே வந்து. குரல் சரியாக இல்லை. அவர் கலியனைப் பார்த்த பார்வையில் ஒரு நொடி சந்தேகம் இருந்தது. கலியன் அதைக் கண்டுகொண்டான்.

"நீங்களுமா பாய்?" என்று கேட்டுவிட்டு, சீட்டுகளைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

பதினான்கு சீட்டுகளையும் தேதிவாரியாக அடுக்கினேன். முதல் சீட்டு 12-6-2007, கடைசி 7-7-2007. எல்லாவற்றிலும் குறைவு நூற்று அறுபது. கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. வழியில் விற்கிறவன் ஒருநாள் நூறு விற்பான், ஒருநாள் இருநூறு விற்பான். பதினான்கு நாளும் ஒரே எடையை அளந்து எடுக்க அவனுக்கே ஒரு எடைமேடை வேண்டும்.

சீட்டுகளில் காலி எடை 5,860 என்று இருந்தது. என் ஏட்டைப் புரட்டினேன். கலியனின் லாரி 14-9-2006 அன்று காலியாக மேடை ஏறியிருக்கிறது. லாரி முதலாளி பழைய மரப் பலகை பாடியைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார். அன்றைய காலி எடை 5,700. பக்கத்தில் ரோசம்மாளின் கையெழுத்தோடு 'கம்ப்யூட்டரில் திருத்தப்பட்டது' என்று இருந்தது. 5,860 என்பது அதற்கு முந்தைய எடை. அதை நான் எழுதிய தேதி 10-5-2004. மூன்றாம் பதிப்பு வந்த அடுத்த வாரம்.

திருத்திய எடை போய்விட்டது. மூன்று வருடப் பழைய எடை திரும்பி வந்திருக்கிறது. எங்கிருந்து?

அப்போதுதான் அந்த இருபத்து மூன்று லாரிகளையும் பார்த்தேன். எல்லாமே நான்காம் பதிப்பு வந்த 18-1-2006க்குப் பிறகு முதன்முதலாக எங்கள் மேடைக்கு வந்தவை. அதற்கு முன்னால் வந்த லாரி ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது இந்த ஐந்தாம் பதிப்புக்கு, நான்காம் பதிப்பின் காலத்தில் நடந்த எதுவுமே தெரியாது. அந்தக் காலத்தில் காலி எடை திருத்திய பழைய லாரி, என் ஏட்டின்படி கலியனுடையது ஒன்றுதான்.

ரோசம்மாளிடம் சொன்னேன். அவர் பழைய குறுந்தகடுகளை அலமாரியிலிருந்து எடுத்தார். மூன்றாம் பதிப்புத் தகட்டைப் போட்டு, அதில் உள்ள கோப்புகளின் பெயரையும் தேதியையும் அளவையும் வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன். பிறகு ஐந்தாம் பதிப்புத் தகடு. முக்கியமான புரோகிராம் கோப்பு, இரண்டு தகட்டிலும் ஒரே பெயர், ஒரே அளவு, ஒரே தேதி: 28-4-2004. மஞ்சள் திரைக்கும் பெண் குரலுக்கும் உரிய இரண்டு கோப்புகள் மட்டும் 2007. மூன்றாம் பதிப்பேதான் மறுபடி வந்து, கம்ப்யூட்டரில் அழிக்காமல் கிடந்த தன் பழைய எடைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது.

"சார், இது இன்னா புதுசு?" என்றார் ரோசம்மாள். "பழைய ஊட்டுக்குப் பொங்கலுக்கு வெள்ளை அடிச்ச கதையா கீதே."

பாய் நாங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தார். பிறகு, "மேடை பொய் சொல்லல சார். பொட்டி சொல்லுது" என்றார்.

மறுநாள் பாயும் நானும் ஆலைக்குப் போனோம். இரும்புக் கொள்முதலைப் பார்க்கும் சுப்பராயன் எங்களை உட்காரச் சொன்னார். முரடர் அல்ல. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"பாய், இந்த நோட்டு உங்க ஆள் எழுதினது. நேத்து ராத்திரி உக்காந்துகூட எழுதலாம். லாரிய இப்ப எடை போட்டா ஐயாயிரத்து எழுநூறு வரும்ன்றீங்க. போன வாரம் பாடிய மாத்தியிருந்தாலும் அதேதான் வரும். கம்ப்யூட்டர்ல தேதிய மாத்தறது ஒரு வேலையா?"

என் ஏட்டைச் சந்தேகித்தார் என்று எனக்கு வருத்தம் இல்லை. அவர் இடத்தில் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"வேற இன்னா வோணும் உங்களுக்கு?" என்றார் பாய்.

"புரோகிராம் வித்த கம்பெனி சொல்லட்டும். பழைய எடை தானா திரும்பி வந்திச்சு, அது எங்க தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். கலியன உள்ள வுடறேன். அதுவரைக்கும் முடியாது. மேல பதில் சொல்ற ஆளு நானு."

ஒரு வரி. கலியனின் பிழைப்பு அதில் தொங்கியது. 13-7-2007 அன்று நேர்முள் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் பாய் எழுதினார். நான் எழுதிக் கொடுத்த நகல் இருக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்று: 14-9-2006 அன்று திருத்திய எடை எப்படி மறைந்தது?

பதில் கடிதமாக வரவில்லை. 20-7-2007, வெள்ளிக்கிழமை, ராபினாக வந்தது. ஜும்ஆ முடிந்த நேரம்.

பாய் தொழுகை முடித்து நேராக எடைமேடைக்கு வந்திருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. ராபின் வழக்கம்போல, "இன்னா பாய், அம்மா நல்லா இருக்காங்களா? வாசனை இங்க வரைக்கும் வருதே" என்றார்.

பாய் சிரிக்கவில்லை. "உக்காரு தம்பி. இன்னிக்கு இங்கயே பேசிக்கலாம்."

ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. ராபினுக்கு அது புரிந்துவிட்டது. பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து மேசையில் வைத்தார். "பாய், ஆறாவது வெர்ஷன் வந்துகினு கீது. உங்களுக்கு ஃப்ரீயா போட்டுத் தரச் சொல்லிட்டாங்க. முதல் ஆளு நீங்கதான். லெட்டர் கிட்டர் எல்லாம் எதுக்கு, நமக்குள்ள?"

"ரோசம்மா, அந்த ரெண்டு தகட்டையும் போட்டுக் காட்டும்மா" என்றார் பாய். பிறகு ராபினிடம் மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊட்ல சோறு துன்ன ஆளோட மூட்டைய பிரிக்க மாட்டோம் தம்பி. நான் பிரிச்சேன். எனக்கு வெக்கமா கீது. உனக்கு எப்டி கீதோ தெரியல."

ரோசம்மாள் தேதிகளைக் காட்டினார். ராபின் திரையைப் பார்க்கவில்லை. டையைத் தளர்த்திக்கொண்டார்.

"நாலாவது வெர்ஷன் எழுதின பசங்க வேலைய வுட்டுப் போய்ட்டாங்க பாய். அவங்க எழுதினது உள்ள யாருக்கும் புரியல. டார்கெட் இருந்திச்சு, ஜூன்ல புதுசு ஒண்ணு வரணும்னு. அதான் மூணையே எடுத்து..." பாதியில் நிறுத்தினார்.

"அது பழைய எடைய தேடி எடுத்துக்கும்னு தெரியுமா?"

"அப்போ தெரியாது. உங்க லெட்டர் வந்த பொறவு தெரிஞ்சிச்சு."

"இத எழுதிக் குடு."

"எழுதினா எனக்கு வேலை இல்ல பாய். நானும் மாசச் சம்பளக்காரன்."

"அவனும் மாசச் சம்பளக்காரன்தான். அவனுக்கு இப்ப அதும் இல்ல."

ராபின் எழுந்தார். தகட்டை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போகப் பார்த்தார். "அத எடுத்துகினு போ தம்பி" என்றார் பாய். அந்த மதியம் பாயும் வீட்டுக்குப் போகவில்லை. சாலிஹாம்மா அனுப்பிய தூக்குச்சட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினார்.

மறுநாள் பாய் செய்த காரியத்தை நான் தடுத்துப் பார்த்தேன். 'என் எடைமேடையில் 12-6-2007 முதல் கொடுக்கப்பட்ட கலியனுடைய பதினான்கு சீட்டுகளும் தவறானவை' என்று எழுதிக் கையெழுத்திட்டு ஆலையில் கொடுத்துவிட்டார். சுப்பராயன் அதை வாங்கிக்கொண்டார். தவறான சீட்டு கொடுப்பதாகத் தானே சொல்லும் எடைமேடைக்கு ஆலை எப்படி லாரி அனுப்பும்? அடுத்த வாரத்திலிருந்து ஆலையின் லாரிகள் நெடுஞ்சாலையில் இருந்த வேறு எடைமேடைக்குப் போயின. கலியனையும் உள்ளே விடவில்லை. கம்பெனியின் ஒரு வரி இன்னும் வரவில்லையே.

பாய் மஞ்சள் திரையை நிறுத்தினார். மீதி லாரிகளை, பழையபடி இரண்டு முறை ஏற்றி எடை போட்டோம். "இன்னா பாய், பின்னாடி போய்கினு கீறீங்க?" என்று டிரைவர்கள் கேலி செய்தார்கள். அவசரக்காரர்கள் வேறு மேடைக்குப் போனார்கள். வரிசை சின்னதாயிற்று.

கலியன் பெரியபாளையம் கோயில் கடைகளுக்குத் தேங்காய் ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டினான். ஆடி மாதம் ஓட்டம் இருந்தது. மற்ற மாதங்களில் வாரத்துக்கு இரண்டு நாள். எங்கள் பக்கம் வருவதை நிறுத்தியிருந்தான். பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் அவன் வீடு வரை போய்வந்தார்.

"இன்னா சொன்னான்?" என்று கேட்டேன்.

"நீங்க ஒரு நிமிசம் சந்தேகப்பட்டீங்க பாய், அது எந்தக் கம்ப்யூட்டர்ல கீதுன்னு கேட்டான் சார்."

பாய் மேலும் மூன்று பதிவுத் தபால்கள் அனுப்பினார். 3-9-2007, 21-1-2008, 12-5-2008. மூன்றுக்கும் ஒப்புகை அட்டை வந்தது. முதலாவதற்குப் பிறகு தீபாவளி வாழ்த்து வந்தது. இரண்டாவதற்குப் பிறகு, 'மூத்த உறுப்பினர்' என்று பொறித்த பேனா. மூன்றாவதற்குப் பிறகு, எங்கள் சேவை உங்களுக்கு எந்த அளவு திருப்தி அளிக்கிறது, ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் தருக என்று ஒரு படிவம். நாம் எழுதுவதை அங்கே யாரும் வாசிக்கவில்லை, நம் முகவரியை மட்டும் வாசிக்கிறார்கள் என்று எனக்கு உறுதியானது.

17-9-2008, புதன்கிழமை, தடிமனான பளபளப்புக் காகிதத்தில் ஒரு விளம்பரம் வந்தது. நேர்முள் 6. மூத்த உறுப்பினர்களுக்கு 6,999 ரூபாய் மட்டும், செப்டம்பர் 30 வரை மட்டும். பாய் உறையைப் பிரிக்காமல் குப்பைக் கூடைக்குப் போட்டார். நான் எடுத்தேன். எந்தக் காகிதத்தையும் தேதி எழுதாமல் எறிந்து எனக்குப் பழக்கமில்லை.

உள்ளே, 'நேர்முள் 6-இல் புதிய சிறப்புகள்' என்று பன்னிரண்டு வரி. முதலாவது, புதிய வண்ணங்கள். இரண்டாவது, இனிமையான குரல். ஏழாவதை நான் இரண்டு முறை வாசித்துவிட்டு ரோசம்மாளிடம் நீட்டினேன். அவர் சத்தமாக வாசித்தார்:

"'நேர்முள் 5-இல் திருத்திய காலி எடைகள் மறைந்து பழைய எடைகள் தாமாகத் திரும்பும் குறை, இப்பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டுள்ளது.'"

பதினான்கு மாதமாக நாங்கள் கேட்ட ஒரு வரி. குறையை ஒப்புக்கொண்டு எழுதித் தர மாட்டோம் என்றவர்கள், அதை நீக்கியதை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்க வந்திருந்தார்கள். விளம்பரம் எழுதியவருக்கு எங்கள் கடிதங்களைப் பற்றித் தெரிந்திருக்காது. பதில் எழுத வேண்டியவர்கள் விளம்பரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அல்லது பார்த்தும், யார் ஏழாவது வரிவரை வாசிக்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார்கள்.

பாய் விளம்பரத்தை வாங்கித் தடவிப் பார்த்தார். "நம்ம கேட்டதுக்கு ஏழாயிரம் ரூபா விலை போட்டுகீறாங்க சார்" என்றார். பிறகு மொபெட்டை எடுத்தார். இந்தமுறை என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். இருவரும் சேர்ந்து மேடையைக் கடந்தபோது ரோசம்மாள் உள்ளேயிருந்து, "நூத்தித் தொண்ணூறு" என்று கத்தினார்.

சுப்பராயன் ஏழாவது வரியை வாசித்தார். உறையின் தபால் முத்திரையைப் பார்த்தார். காகிதத்தின் அடியிலிருந்த நிறுவனத்தின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். என் ஏட்டை அன்று அவரே கேட்டு வாங்கி, 14-9-2006 பக்கத்தைத் தன் குமாஸ்தாவைக் கொண்டு நகல் எடுக்கச் சொன்னார்.

"உங்க மேடைக்கு லாரி அனுப்பறத பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது பாய்."

"நான் அதக் கேக்க வரலியே" என்றார் பாய். "அவன் பேர அழிச்சீங்க இல்ல. அதக் கேக்க வந்தேன்."

"மேல எழுதறேன். அவனுக்குக் கடுதாசி வரும். வீட்டு அட்ரஸ் இன்னா?"

பாய் என்னைப் பார்த்தார். பெரியபாளையத்தில் கலியன் வாடகை வீட்டை மாற்றியிருந்தான். புது முகவரி எங்களுக்குத் தெரியாது.

"நம்ம வேபிரிட்ஜ் அட்ரஸுக்கே போடுங்க. நானே எடுத்துகினு போய்க் குடுக்கறேன்" என்றார் பாய். "எனக்கு அங்க ஒரு வேலை பாக்கி கீது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்தில் பாய் வாசலில் நின்றார். செப்டம்பர் 30 வந்தது, நேர்முள் ஆறுக்கான சலுகை முடிந்தது. அக்டோபர் 1 அன்று அவர்களிடமிருந்தே இன்னொரு அட்டை: மூத்த உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கிணங்கச் சலுகை நீட்டிக்கப்படுகிறது. எந்த மூத்த உறுப்பினர் வேண்டினார் என்று அதில் இல்லை. பாய் அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் எனக்கு எழுதக் கொடுத்தார். அதில்தான் அடுத்து வந்ததைக் குறித்துவைத்தேன்.

ஆலையிலிருந்து, பெறுநர் கலியன், மேற்பார்வை சஹாபுதீன் எடைமேடை, கும்மிடிப்பூண்டி. மீண்டும் சரக்கு ஏற்ற அனுமதி. வந்து சேர்ந்த தேதி: 6-10-2008, திங்கட்கிழமை.